அமுக்காத கை

குற்றாலத்தில் எண்ணெய்க்கடை வைத்திருந்த எனக்கு, மேலகரம் தளவாயைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒரு நியாயமும் கிடையாது. சாரல் தொடங்கிவிட்டால் பேரருவிக்குப் போகிற எவனும் என் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் போய் நின்று, அது அடிக்கிற அடியில் எண்ணெய் இறங்கி, பசி வயிற்றைக் கிள்ளத் திரும்பி வருவதுதான் குற்றாலக் குளியல். அப்படிப்பட்ட ஊரில், எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம், கட்டிலில் வந்து படுத்தால் போதும் என்று ஒருத்தன் வைத்தியம் பார்த்தால் எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

அறுபதுகளில் அவன் வீட்டு வாசலில் வண்டி மாடுகள் அவிழ்த்துக் கட்டிக் கிடக்கும். சங்கரன்கோவிலிலிருந்தும் புனலூரிலிருந்தும் கழுத்தையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்து இறங்குவார்கள். அந்த வைத்தியத்துக்கு அவன் ஒரு பெயரும் வைக்கவில்லை. நான்தான் எரிச்சலில் ‘சும்மா வைத்தியம்’ என்றேன். அதுவே நிலைத்துவிட்டது. பெயர் வைத்ததற்காவது என்னிடம் நாலு படி எண்ணெய் வாங்கியிருக்கலாம், பாவி.

ஆனாலும் அவனைப் பற்றி நான் சொல்லாமல் யார் சொல்லுவது? அந்த வைத்தியம் உண்டான கதையில் பாதிக்கு நான் கூடவே இருந்தேன். மீதியை அவனும் லாரி டிரைவர் கபீர் பாயும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தளவாய் முதலில் எங்கள் எண்ணெய்க் கட்சிதான். மேலகரத்தில் குத்தகை நிலத்தில் நெல் போட்டுப் பிழைத்த குடும்பம். மழை ஏய்த்த ஒரு வருஷம் தென்காசியில் அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போனான். மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ஒருத்தன் குப்புறப் படுப்பான், இன்னொருத்தன் அவன் முதுகில் ஏறி மிதிப்பான். பிறகு உட்காரவைத்துக் கழுத்தைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டிச் சொடக்கு எடுப்பான். ஆலையில் எல்லாரும் தளவாயிடம்தான் கழுத்தைக் கொடுப்பார்களாம். கை அப்படி. அந்தக் கையை நம்பித்தான் அவன் சாரல் காலத்தில் எண்ணெய் தேய்த்துவிட அருவிக்கு வந்தான், வந்தவன் அங்கேயே தங்கிவிட்டான்.

தேய்ப்பதில் அவனை விடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். சொடக்கு எடுப்பதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. தேய்த்து முடித்ததும் தலையை இரண்டு கையாலும் ஏந்தி, “மூச்ச விடும்” என்பான். மூச்சு இறங்குகிற நேரம் பார்த்து ஒரே வெட்டு. அருவி இரைச்சலையும் மீறிச் சத்தம் கேட்கும். சுற்றி நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள். சொடக்குத் தளவாய் என்று கேட்டுக்கொண்டு மதுரையிலிருந்தெல்லாம் வருவார்கள். சத்தம் வந்தால்தான் வேலை முடிந்தது என்பது அருவிக்கரையில் எல்லாருக்கும் பொதுவான சட்டம். சத்தம் வராமல் எழுந்து போகிறவன் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலையில் கபீர் பாய் வந்தார். அகமது கபீர் என்று முழுப்பெயர். வடகரைக்காரர். தென்காசி வைக்கோலை லாரியில் ஏற்றிச் செங்கோட்டை மலைப்பாதை வழியாகப் புனலூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மரம் ஏற்றி வருவார். சிரித்த முகம். என் கடையில்தான் எண்ணெய் வாங்கினார்.

“கழுத்து பிடிச்சிருக்கு தளவாய். எடது கை விரலெல்லாம் மதமதன்னு இருக்கு” என்றார்.

“உக்காரும் பாய். ஒரு நிமிசத்துல எடுத்துவிடுதேன்” என்றான் இவன்.

தேய்த்தான். தலையை ஏந்தினான். வெட்டினான். சத்தம் வரவில்லை.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தன், “என்னவே, இன்னைக்கு வெடி நமுத்துப்போச்சா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தளவாய்க்கு முகம் சுருங்கிப்போனது. “போதும் தளவாய்” என்று பாய் எழப் பார்த்தார். அவரைத் தோளில் கை வைத்து உட்காரவைத்து, இரண்டாம் தடவை இன்னும் ஓங்கி வெட்டினான். சத்தம் வந்தது, கைதட்டலும் வந்தது. பாய் எழுந்து அருவிக்குள் போனார். மலைமேல் மழை பிடித்துத் தண்ணீர் கூடிக்கொண்டிருந்த நேரம். பிடரியில் அது விழுந்ததும் பிடித்திருந்த கம்பி அவர் இடது கையிலிருந்து நழுவிவிட்டது. இரண்டு பேர் அவரைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அந்தக் கை தோளிலிருந்து தொங்கியது.

விரல் மதமதப்பாக இருக்கிறதா என்பதுதான் பிற்காலத்தில் தளவாய் கேட்கிற முதல் கேள்வி. ஆமாம் என்று சொன்னால் தொடமாட்டான், நேரே டாக்டரிடம் அனுப்பிவிடுவான். அன்றைக்கு அது அவனுக்குத் தெரியாது. தெரியாததை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் போதும் என்று எழுந்த மனிதனை உட்காரவைத்து, சத்தத்துக்காக இரண்டாம் தடவை வெட்டினானே, அதை நான் அவன் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். “ஆமா அண்ணாச்சி” என்பான். ஒரு சமாதானமும் சொல்லமாட்டான். அதனால்தான் எனக்கு அவனிடம் மரியாதை உண்டானது.

தென்காசியில் டாக்டர் தாணுமாலயன் பார்த்தார். கழுத்தெலும்புகளுக்கு நடுவில் கைக்குப் போகிற நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தார். “இதுக்குக் காலந்தான் மருந்து. சரியாகலாம், ஆகாமலும் போகலாம். இனிமே ஒரு பய இந்தக் கழுத்தை முறுக்கக் கூடாது” என்று அவர் சொன்னதைக் கபீர் பாயின் மனைவி சுல்தான் பீவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

லாரி ஓட்டுகிறவனுக்கு இடது கைதான் கியர் போடுகிற கை. அது போனால் பிழைப்பு போயிற்று. லாரி முதலாளி நல்ல மனிதர், செங்கோட்டையில் தன் மரக்கடையில் பாயை உட்காரவைத்தார். சுல்தான் பீவி முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றத் தொடங்கினார். அந்த வீட்டில் எல்லாரும் காத்திருந்தது ஒன்றுக்குத்தான். அந்தக் கை திரும்ப வருமா, வராதா?

தளவாய் அருவிக்கரைக்கு வருவதை நிறுத்திவிட்டான். வாரத்துக்கொரு தடவை சைக்கிளை மிதித்துக்கொண்டு வடகரைக்குப் போனான். முதல் தடவை சுல்தான் பீவி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “வந்த வழியே போயிருங்க. ஒங்க கையால பட்டது போதும்” என்றார். அவன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டான். அடுத்த வாரம் போனபோது வெளியே கிடந்த விறகை உடைத்துப் போட்டுவிட்டு வந்தான். அதற்கடுத்த வாரம் அவன் விறகில் கோடாலி வைக்கும்போது உள்ளேயிருந்து முனகல் கேட்டது. கழுத்து வலியில் படுக்க முடியாமல் பாய் பல நாளாகச் சுவரில் சாய்ந்துதான் தூங்கிக்கொண்டிருந்தார்.

“ஏ தளவாய், உள்ள வாரும். இவளுக்குப் பயந்து வாசல்லயே கெடக்கீரே” என்று அவரே கூப்பிட்டார்.

சுல்தான் பீவி முறத்தைக் கீழே வைத்தார். “வரட்டும். கை வைக்கலாம். அமுக்கக் கூடாது, திருப்பக் கூடாது. நான் இங்கனயேதான் இருப்பேன்” என்றார்.

அந்தக் கட்டளையில்தான் தளவாயின் வைத்தியமே இருக்கிறது. அவன் கண்டுபிடித்தது என்று ஊர் சொல்லுகிறது. நான் சுல்தான் பீவி கண்டுபிடித்தது என்பேன், அவனும் மறுக்கமாட்டான். அன்றைக்கு நடந்ததை அவன் எனக்குச் சொன்னது இப்படி:

“பாயைப் பாயில படுக்கவச்சு, தலைக்குக் கீழ ரெண்டு கையையும் கொடுத்தேன் அண்ணாச்சி. ஒண்ணும் செய்யக் கூடாதுன்னா கைக்கு என்ன வேலை? சும்மா கெடந்துச்சு. சும்மா கெடந்தப்பத்தான் தலையோட கனம் கைக்குத் தெரியுது. அது மெதுவா வலது பக்கமா சரியப் பாக்குது. முன்னாலன்னா நான் அதை மல்லுக்கட்டி இந்தப் பக்கம் இழுத்திருப்பேன். இப்ப அந்தத் தங்கச்சி கண்ணெடுக்காம பாத்துக்கிட்டிருக்கா. சரின்னு அது போற பக்கமே கையையும் கூடப் போகவிட்டேன். ஒரு எடத்துல போய் நின்னுச்சு. நானும் நின்னேன். கொஞ்ச நேரத்துல கழுத்து நரம்பு தானா எளகுது. கையில வெண்ணெ வச்ச மாதிரி. பாக்கேன், பாய் கொறட்டை விடுதாரு.”

பாய் அன்று சாயங்காலம் வரை படுத்துத் தூங்கினார். கையை உருவினால் எழுந்துவிடுவாரோ என்று தளவாய் விரல் மரத்துப்போய் அப்படியே உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் அவன் போகும்போது சுல்தான் பீவி தரையில் பாய் விரித்துத் தயாராக வைத்திருந்தார்.

அந்த ஒரு சமாச்சாரத்தைப் பிடித்துக்கொண்டு அவன் யோசிக்க ஆரம்பித்தான். கழுத்துக்கு இப்படி என்றால் இடுப்புக்கு எப்படி? தோளுக்கு எப்படி? தன் மனைவி ஆவுடைத்தாயைப் படுக்கவைத்துப் பார்த்தான். ஆலையில் பழைய கூட்டாளிகளைப் படுக்கவைத்துப் பார்த்தான். வலிக்கிற இடத்துக்கு எந்த நிலையில் வலி அடங்குகிறது என்று தேடுவான். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி அடியில் தலையணை வைப்பான், தோளைத் துணி சுருட்டித் தாங்குவான். அடங்கிய இடத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பான். உடம்பு தானாக இளகிய பிறகு, எடுத்தது தெரியாமல் கையை எடுப்பான். அவ்வளவுதான் வைத்தியம். ஆவுடைத்தாயும் கற்றுக்கொண்டாள். பெண்கள் வந்தால் அவள்தான் பார்ப்பாள்.

அடுத்த சாரலுக்கு அவன் அருவிக்கரைக்கு வந்து, சொடக்கு எடுக்கமாட்டேன் என்றான். வந்தவர்கள் திட்டிவிட்டுப் பக்கத்து ஆளிடம் போனார்கள். நானும் திட்டினேன்.

“லே தளவாய், கழுத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குததுக்கா ஒனக்கு ஆளு வரும்? எண்ணெயாவது தேய்க்கப்பிடாதா?”

“எண்ணெ வச்சா கை வழுக்குது அண்ணாச்சி. கீழ என்ன நடக்குதுன்னு தெரியமாட்டேங்குது” என்றான்.

என் கடை வாசலில் நின்றுகொண்டு சொல்லுகிற பேச்சா இது? அந்த வருஷமே அருவிக்கரையை விட்டுவிட்டு, மேலகரத்தில் வீட்டு முன்னால் கொட்டகை போட்டு ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டான்.

எல்லாருக்கும் குணமானது என்று நான் புளுகமாட்டேன். கடையநல்லூரிலிருந்து வந்த ஜவுளி வியாபாரி ஒருத்தர் வெகுநேரம் படுத்திருந்துவிட்டு, “வைத்தியத்தை எப்பவே ஆரம்பிக்கப்போறீரு?” என்று கேட்டார். வந்த வலியோடு திரும்பிப்போனார். எனக்கே ஒரு தடவை எண்ணெய் டின்னைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் வெட்கத்தை விட்டு அவன் கட்டிலில் போய்ப் படுத்தேன். கையை வைத்தான். நானும் எப்போது அமுக்குவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பல்லைக் கடித்தபடியே தூங்கிப்போனேன். எழுந்து நிமிர்ந்து நடந்து வந்தேன். இதைக் கடையில் யாரிடமும் சொல்லவில்லை.

அவனுக்கே ஒரு சந்தேகம் இருந்தது. கபீர் பாயின் விரல்கள் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கி, தம்ளரைத் தூக்குகிற அளவுக்கு வந்திருந்தன. டாக்டர் தாணுமாலயனிடம் போய், “இது என் கையால ஆனதா, தானா ஆனதா?” என்று கேட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எனக்குத் தெரியாது தளவாய். தானாவே ஆயிருக்கலாம். நீ அவரை நிம்மதியாத் தூங்கவச்ச, அது நல்லது. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல” என்றார். நேர்மையான மனிதர். தளவாய் அந்தப் பதிலை வீட்டுக்குக் கொண்டுவந்து வெகுநாள் யோசித்தான். யாராவது அவனிடம், “நீர்தான் கபீர் பாய் கையைக் கொண்டுவந்தீராமே?” என்று கேட்டால், “கெடுத்தது நான். அது நிச்சயம். மத்தது தெரியாது” என்பான்.

ஐம்பத்தொன்பது தை மாதம். வைக்கோல் சீசன். லாரிக்கு ஆள் போதவில்லை. முதலாளி பாயைக் கூப்பிட்டு, ஓட்ட முடியுமா, முடியாவிட்டால் இந்த வண்டிக்கு வேறு டிரைவர் போட்டுவிடுவேன் என்றார். டாக்டர், ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். பாய் ஓட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். மலைப்பாதை தெரிந்தவர்களுக்குப் புரியும். புளியரை தாண்டினால் மேடும் வளைவும்தான். ஏற்றத்தில் கியர் விழாமல் போனால் பாரம் வண்டியைப் பின்னால் இழுத்துவிடும்.

புறப்படுகிற அன்று சுல்தான் பீவி தளவாயை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

“கை சரியாயிட்டுன்னு நீங்க சொல்லுதீங்களா?”

“நான் சொல்லல தங்கச்சி. பாய்தான் சொல்லுதாரு.”

“அப்படின்னா நீங்களும் ஏறுங்க.”

அவன் ஏறினான். எனக்குப் புனலூரில் தேங்காய் எண்ணெய் பிடிக்கவேண்டியிருந்தது. லாரியில் போனால் வசதி என்று முன்னாலேயே பாயிடம் சொல்லிவைத்திருந்தேன். எந்த நேரத்தில் சொன்னேனோ! டிரைவர் சீட்டில் பாய், நடுவில் தளவாய், கதவோரம் நான். கிளீனர் யாக்கூப் மரக்கட்டையோடு பின்னால் தொற்றிக்கொண்டான். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் குதித்துச் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுவது அவன் வேலை.

செங்கோட்டை வரை பாய் பாடிக்கொண்டு வந்தார். புளியரையில் பாட்டு நின்றது. முதல் வளைவு ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது வளைவில் எதிரே ஒரு மாட்டுவண்டி. பாய் வேகத்தைக் குறைத்தார். முதல் கியருக்கு மாற்றவேண்டும். இடது கை கியர்த் தண்டைப் பிடித்தது. பல் சேரவில்லை, கரகரவென்று கத்தியது. வண்டி நின்று, பிரேக்கையும் மீறிப் பின்னால் சரியத் தொடங்கியது. பாய் மறுபடியும் தள்ளிப் பார்த்தார், அப்போதும் விழவில்லை. என் பக்கம் கீழே பள்ளம். பின்னால் யாக்கூப், “கட்ட வழுக்குது, கட்ட வழுக்குது!” என்று அலறினான்.

தளவாயின் கை பாயின் கைமேல் போய் உட்கார்ந்தது.

“தள்ளுல! அமுக்கித் தள்ளுல!” என்று நான் கத்தினேன். கத்தினது மட்டுமா, அவன் தோளில் குத்தினேன். மூட்டை தூக்கின கை அது. ஒரு தள்ளு தள்ளினால் கியர் விழுந்துவிடும். அவன் தள்ளவில்லை. படுக்கையில் கிடக்கிறவன் கழுத்தில் வைப்பானே, அதே மாதிரி வைத்துக்கொண்டு, “மூச்ச விடும் பாய்” என்றான்.

பாய் மூச்சை விட்டார். தோள் இறங்கியது. கிளட்சை இன்னொரு தடவை மிதித்தார். கியர் விழுந்தது. லாரி ஒரு குலுங்கு குலுங்கி மேலே ஏறியது. மாட்டுவண்டிக்காரர் ஒன்றும் நடக்காதது போலச் சுருட்டுப் பிடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்.

மேலே கோட்டைவாசலில் வண்டியை நிறுத்தியதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “கொலைகாரப் பாவி, நீ தள்ளியிருந்தா என்ன? எங்க மூணு பேரு உசுரும் ஒனக்கு வெளையாட்டாப் போச்சா?” என்றேன். தளவாயின் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. அவனுக்கும் பயம் இருந்திருக்கிறது.

“நான் தள்ளிருந்தா அடுத்த வளைவுல பாய் என் மூஞ்சியைத்தான் பாப்பாரு அண்ணாச்சி” என்றான்.

அதற்குப் பிறகு புனலூர் வரைக்கும், மரம் ஏற்றிக்கொண்டு மறுநாள் திரும்பி வரும்போதும், அவன் கைகள் அவன் மடியில்தான் கிடந்தன. பாய் பாடிக்கொண்டேதான் இறக்கம் இறங்கினார்.

வடகரையில் சுல்தான் பீவி முக்காட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். தன் வீட்டுக்காரரிடம் ஒன்றும் கேட்கவில்லை, தளவாயிடமும் கேட்கவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

“அண்ணாச்சி, மேட்டுல கியர் யாரு போட்டா?”

“ஒம்ம வீட்டுக்காரருதாம்மா. ஒரு எடத்துல கொஞ்சம் சண்டித்தனம் பண்ணுச்சு. இவன் கையை மேல வச்சான்.”

“அமுக்கினாங்களா?”

“எங்க அமுக்கினான்? நான் தொண்டை கிழியக் கத்துதேன், அப்பவும் அமுக்கல.”

அவர் தளவாயைத் திரும்பிப் பார்த்து, “இனிமே நீங்க அமுக்கலாம்ண்ணே” என்றார்.

தளவாய் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். “இல்ல தங்கச்சி. அது எனக்கு மறந்துபோச்சு” என்று சொல்லும்போதே குரல் உடைந்து, லாரிப் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, எண்ணெய் டின்னை இறக்குவது போலத் திரும்பிக்கொண்டேன்.

கபீர் பாய் வந்து அவன் தோளில் கையைப் போட்டார், இடது கையை. போட்டவர் சும்மா இருக்கவில்லை, பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினார். அழுதுகொண்டிருந்த தளவாய், “ஏ பாய், வலிக்குதுவே!” என்று துள்ளி எழுந்தான். சுல்தான் பீவி வாய்விட்டுச் சிரித்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.